ஒரு பிபிஎம் கந்தகமும் 150 கிலோ பிளாட்டினமும்

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கும் பெட்ரோலிலும் டீசலிலும் கந்தகம் 10 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது. அதற்கு முன் பிஎஸ்-4 என்ற வாகனப் புகை விதியின் காலத்தில் 50 வரை இருக்கலாம் என்றிருந்தது. எண்ணெயிலிருந்து கந்தகத்தை எடுப்பதே புகைக்காகத்தான் என்ற எண்ணம் இந்த விதியால் இன்னும் உறுதிப்பட்டது. அது பாதி உண்மைதான். மணலியிலோ கொச்சியிலோ ஒரு சுத்திகரிப்பு ஆலைக்குள் எட்டிப் பார்த்தால், பெட்ரோலின் தரத்தை ஏற்றும் ரிஃபார்மர் என்ற பிரிவுக்குப் போகும் நாஃப்தாவில், அதாவது பெட்ரோலாகப் போகும் இலேசான எண்ணெயில், கந்தகம் 0.5 பிபிஎம்-க்குள் இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்திருப்பார்கள். சட்டம் கேட்பதைவிட இது இருபது மடங்கு கடுமை. இந்த வரம்பை எந்த அரசும் விதிக்கவில்லை. விதித்தது ரியாக்டருக்குள், அதாவது வேதிவினை நடக்கும் கலத்துக்குள், இருக்கும் பிளாட்டினம்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. சுத்திகரிப்பு என்றதும் பலருக்கு வடிகட்டிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் இங்கே நீக்க வேண்டியவை பெரும்பாலும் எண்ணெயில் கரைந்தே இருக்கின்றன. எவ்வளவு நுண்ணிய துணியில் வடித்தாலும் டீயிலிருந்து சர்க்கரை பிரியாதே, அதே சிக்கல்தான்.

பந்தியில் எழுந்திருக்காத விருந்தாளி

வேதிவினையை விரைவுபடுத்திவிட்டுத் தான் செலவாகாமல் நிற்கும் பொருளை வினையூக்கி என்கிறோம். ஆலைக்காரர்கள் கேட்டலிஸ்ட் என்பார்கள். செலவாகாது என்றால் என்றென்றும் உழைக்க வேண்டும் அல்லவா? ஏன் உழைப்பதில்லை என்பதற்குக் கல்யாண வீட்டுப் பந்தியை எடுத்துக்கொள்ளலாம்.

மண்டபத்தில் நூறு இலை போட்டிருக்கிறது. ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால் அதே இடத்தில் அடுத்த நூறு பேர் உட்காரலாம். இடங்கள் குறைவதே இல்லை. வினையூக்கியின் மேற்பரப்பும் இப்படித்தான். எண்ணெய் மூலக்கூறு வந்து உட்காரும், உருமாறும், எழுந்து போகும். அது உட்காரும் இடத்துக்கு வினைமையம் என்று பெயர்.

இப்போது ஒருவர் உட்கார்ந்தார், எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார். அந்த இலை அவ்வளவுதான். இப்படிப் பத்துப் பேர் வந்தால் பந்தியில் பத்து இடம் போச்சு. வினைமையத்தைப் பிடித்துக்கொண்டு விடாத பொருளை வினையூக்கி நஞ்சு என்கிறார்கள். மனிதருக்கு நஞ்சா இல்லையா என்பது வேறு கேள்வி. தண்ணீர்கூடச் சில வினையூக்கிகளுக்கு நஞ்சு.

நஞ்சுகளிலும் குணபேதம் உண்டு. பிளாட்டினத்தில் உட்காரும் கந்தகம், கூட்டம் குறைந்ததும் மெல்ல எழுந்து போய்விடும். புதிதாகக் கந்தகம் வருவது நின்றால், ஓடும் ஹைட்ரஜனே அதை ஹைட்ரஜன் சல்ஃபைடாகக் கிளப்பிக்கொண்டு போகும். ஆர்சனிக் உட்கார்ந்தால் எழவே எழாது. கரிப்படிவு, அதாவது கோக், எடுக்காமல் விட்ட எச்சில் இலை மாதிரி: எரித்து நீக்கிவிட்டால் இடம் திரும்பக் கிடைக்கும். சிலிக்கான் இலையில் உட்காராது. மண்டப வாசலில் மூட்டையை அடுக்கி, உள்ளே யாரும் போக முடியாமல் செய்துவிடும்.

ஒரு பிபிஎம் என்பது எவ்வளவு?

பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு டன் எண்ணெயில் ஒரு கிராம். கேட்கும்போது ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். கணக்குப் போட்டால்தான் தெரியும்.

மணிக்கு 100 டன் நாஃப்தா ஓடும் ஒரு ரிஃபார்மரை எடுத்துக்கொள்வோம். அதில் 1 பிபிஎம் கந்தகம் இருந்தால் மணிக்கு 100 கிராம், ஒரு நாளைக்கு 2.4 கிலோ. ரியாக்டர்களில் 50 டன் வினையூக்கி இருக்கிறது, அதில் பிளாட்டினம் 0.3 சதவீதம் என்று வையுங்கள். மொத்தப் பிளாட்டினம் 150 கிலோ. அலுமினா (அலுமினிய ஆக்சைடு) உருண்டைகளின் நுண்துளைகளுக்குள் அது கிட்டத்தட்ட அணு அணுவாகத் தூவப்பட்டிருக்கும். ஒரு பிளாட்டினம் அணுவை ஒரு கந்தக அணு பிடிக்கும் என்று கொண்டால், 195 கிராம் பிளாட்டினத்தை முடக்க 32 கிராம் கந்தகம் போதும். 150 கிலோவுக்கு ஏறத்தாழ 25 கிலோ. பத்து நாளில் வந்து சேர்ந்துவிடும்.

நடைமுறையில் பத்து நாளில் ரிஃபார்மர் படுத்துவிடுவதில்லை. மேலே சொன்னபடி கந்தகம் உட்கார்ந்தும் எழுந்தும் ஒரு சமநிலைக்கு வந்துவிடுகிறது. ஆனால் எழுந்திருக்காத ஆர்சனிக்குக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். அதனால்தான் ஆர்சனிக்கைப் பிபிஎம்-ல் பேசாமல் பிபிபி-யில், அதாவது நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் பேசுகிறார்கள்.

பிளாட்டினத்தை வைத்துப் பெட்ரோலின் ஆக்டேனை, அதாவது இன்ஜினில் தட்டாமல் எரியும் தரத்தை, ஏற்றும் முறையை உருவாக்கியவர் விளாடிமிர் ஹேன்செல். முதல் ஆலை 1949-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஓடத் தொடங்கியது. இவ்வளவு விலையுள்ள உலோகத்தை எண்ணெயில் போடுவதா என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் இருந்தன. மிகக் கொஞ்சமாகப் போட வேண்டும், பல ஆண்டு உழைக்க வைக்க வேண்டும். இரண்டுமே நாஃப்தா சுத்தமாக இருந்தால்தான் நடக்கும்.

முதலில் கழுவல்

நஞ்சை நீக்கும் வேலை கச்சா எண்ணெய் ஆலைக்குள் நுழைந்ததுமே தொடங்குகிறது. கச்சா எண்ணெயோடு நிலத்தடி உப்புநீர் பொடித்துளிகளாகக் கலந்து வரும். அதைப் பிரிக்கும் கலத்துக்கு டீசால்ட்டர் என்று பெயர். எண்ணெயை 120 முதல் 145 டிகிரி வரை சூடாக்கி, சுமார் 5 சதவீதம் நல்ல தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பல ஆயிரம் வோல்ட் மின்புலத்துக்குள் விடுவார்கள். உப்பைக் கரைத்துக்கொண்ட நீர்த்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துக் கீழே இறங்கும். கலங்கல் தண்ணீர்ப் பானையில் தேற்றாங்கொட்டையை உரைத்தால் மண் திரண்டு அடியில் படியுமே, அந்தத் திரளலை இங்கே மின்சாரம் செய்கிறது.

இதில் போகாத ஒன்று கரிம குளோரைடு, அதாவது கார்பனோடு பிணைந்த குளோரின். அது நீரில் கரையாது, எண்ணெயோடேயே போகும். 2019 ஏப்ரலில் ரஷ்யாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் துரூஷ்பா குழாயில் இப்படித்தான் நடந்தது. 10 பிபிஎம் வரம்பைப் பல மடங்கு தாண்டிய கரிம குளோரைடுடன் எண்ணெய் வந்ததால் குழாயையே நிறுத்த வேண்டியதாயிற்று. பெலாரூஸின் மோசிர் ஆலையில் கருவிகள் அரித்துப்போயின. எண்ணெயில் இருக்கும்வரை சாதுவாக இருந்த குளோரைடு, சூடும் ஹைட்ரஜனும் சேர்ந்த இடத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலமாக மாறியதுதான் காரணம்.

ஹைட்ரோட்ரீட்டர்: உடைத்து எடுப்பது

கந்தகமும் நைட்ரஜனும் எண்ணெய் மூலக்கூறின் உடம்பிலேயே கோர்க்கப்பட்டிருக்கின்றன. பிணைப்பை உடைத்தால் மட்டுமே வெளியே வரும். அதற்கான பிரிவு ஹைட்ரோட்ரீட்டர். நாஃப்தாவையும் ஹைட்ரஜனையும் சேர்த்து 280 முதல் 340 டிகிரி வரை சூடாக்கி, வளிமண்டலத்தைப் போல 20 முதல் 40 மடங்கு அழுத்தத்தில், கோபால்ட்-மாலிப்டினம் அல்லது நிக்கல்-மாலிப்டினம் வினையூக்கியின் மேல் ஓட விடுவார்கள். கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாகவும் நைட்ரஜன் அமோனியாவாகவும் குளோரின் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரியும். பிறகு தண்ணீர் தெளித்து உப்புகளைக் கரைத்து, கடைசியில் ஸ்ட்ரிப்பர் என்ற கோபுரத்தில் கொதிக்க வைத்து மிச்ச வாயுக்களையும் ஈரத்தையும் விரட்டுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிளாட்டினத்துக்கு நஞ்சான அதே கந்தகம் இந்த வினையூக்கிக்கு உணவு. கோபால்டும் மாலிப்டினமும் சல்ஃபைடாக இருக்கும்போதுதான் வேலை செய்யும். அதனால் புது வினையூக்கியை நிரப்பியதும் டைமெத்தில் டைசல்ஃபைடு என்ற நாற்றமடிக்கும் திரவத்தை ஊற்றி, வேண்டுமென்றே கந்தகம் ஏற்றுவார்கள். எது நஞ்சு என்பது யார் சாப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இதுவரை வந்ததைக் கோர்த்துப் பார்த்தால்: நீரில் கரைந்த உப்பு டீசால்ட்டரில் போனது. மூலக்கூறில் கோர்த்திருந்தவை ஹைட்ரோட்ரீட்டரில் உடைந்து வாயுவாகப் போயின. மிஞ்சியது அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தப்பியவை மட்டுமே. அவற்றுக்காகத்தான் அடுத்த ஏற்பாடு.

கார்டு பெட்: வாசலில் ஒரு தனிப் பந்தி

எழுந்திருக்காத விருந்தாளியை மண்டபத்துக்குள் விடாமல், வெளியே திண்ணையில் அவருக்கென்றே இலை போட்டு உட்கார வைத்துவிட்டால்? கார்டு பெட் செய்வது அதைத்தான். விலையுயர்ந்த வினையூக்கிக்கு முன்னால் ஒரு கலம், அதற்குள் நஞ்சைப் பிடித்துக்கொள்ளும் மலிவான பொருள். அது வடிகட்டி இல்லை, பலியாகவே வைக்கப்பட்ட பொருள். திண்ணையில் இலைகளுக்குக் கணக்கு உண்டு என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு துத்தநாக ஆக்சைடு. ஹைட்ரஜன் தயாரிக்கும் பிரிவில் நிக்கல் வினையூக்கிக்கு முன்னால் இது இருக்கும். வாயு 350 முதல் 400 டிகிரியில் இதன் குச்சிகளினூடே ஓடும்போது, ஹைட்ரஜன் சல்ஃபைடின் கந்தகம் துத்தநாகத்திடம் இருந்த ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜன் நீராவியாக வெளியேறுகிறது. குச்சி துத்தநாக சல்ஃபைடாக மாறுகிறது. இது ஒட்டுதல் இல்லை, பொருளே மாறிவிடுகிறது.

100 கிலோ துத்தநாக ஆக்சைடு ஏட்டுக்கணக்கில் 39 கிலோ கந்தகத்தைப் பிடிக்கும். நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. குச்சியின் வெளித்தோல் முதலில் சல்ஃபைடாகும். கந்தகம் அதைத் துளைத்து உள்ளே போக நேரமும் சூடும் வேண்டும். வெப்பநிலை குறைவாக இருந்தால் தோல் மட்டும் மாறி, நடுப்பகுதி வேகாத இட்லி மாதிரி அப்படியே கிடக்கும்.

ஒரு கணக்கு: மணிக்கு 10 டன் தீவனம் (பிரிவுக்குள் போகும் மூலப்பொருள்), அதில் 5 பிபிஎம் கந்தகம். மணிக்கு 50 கிராம், ஆண்டுக்கு 438 கிலோ. எடையில் 20 சதவீதம் மட்டும் பிடிக்கும் என்று கொண்டால் ஆண்டுக்குச் சுமார் 2.2 டன் துத்தநாக ஆக்சைடு தேவை. கார்டு பெட் எத்தனை நாள் வரும் என்று கேட்பவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான். பல இடங்களில் இதைப் போடாமல் 'போன தடவை இரண்டு வருஷம் வந்தது' என்று ஓட்டுகிறார்கள். இந்தத் தடவை தீவனத்தில் கந்தகம் இரட்டிப்பாகியிருந்தால் ஒரு வருஷம்தான் வரும்.

படுகை, அதாவது கலத்தில் நிரப்பிய பொருள், முழுவதும் ஒரே சீராகத் தீர்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நுழையும் பக்கத்துப் பொருள் முதலில் தீரும், பிறகு அதற்கு அடுத்தது. எரியும் ஊதுபத்தியைப் பாருங்கள்: சாம்பலான பகுதி, கனலும் ஒரு சின்னப் பட்டை, இன்னும் தொடப்படாத பகுதி. இந்தக் கனல் பட்டை படுகையில் மெல்ல நகர்ந்து மறுமுனையைத் தொடும்வரை வெளியே வரும் வாயு சுத்தமாகவே இருக்கும். தொட்டதும் நஞ்சு வெளியே தலைகாட்டும். இதைக் கசிவுக்கட்டம் என்று வைத்துக்கொள்வோம். 'நேற்று வரை சுழியமாக இருந்ததே' என்று வியப்பதில் பொருளில்லை. நேற்று வரை அப்படித்தான் இருக்கும்.

அதனால்தான் இரண்டு கலங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, நடுவில் மாதிரி எடுக்க ஒரு குழாய் விடுகிறார்கள். முதல் கலத்தில் கசிவு தெரிந்தால் இரண்டாவது காப்பாற்றும். முதலாவதில் புதுப் பொருள் நிரப்பியதும் வரிசையை மாற்றி, பாதி உழைத்த கலத்தை முன்னும் புதியதைப் பின்னும் வைக்க வேண்டும். புதியதை முன்னால் வைத்தால் காவலின் கடைசி ஆள் களைத்தவராகிவிடுவார்.

வரிசை தவறினால்

துத்தநாக ஆக்சைடு ஹைட்ரஜன் சல்ஃபைடில் உள்ள கந்தகத்தைப் பிடிக்கும், கார்பனோடு பிணைந்த கரிமக் கந்தகத்தை அல்ல. முன்னால் கோபால்ட்-மாலிப்டினம் அதை உடைத்துக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, வாயுவில் ஹைட்ரஜன் குளோரைடு இருந்தால் துத்தநாகக் குளோரைடு உருவாகிக் குச்சியின் தோலை மூடிவிடும். கந்தகம் உள்ளே போக வழியிருக்காது. அதனால் குளோரைடு கார்டு துத்தநாகத்துக்கு முன்னால் வர வேண்டும். உடைப்பது, குளோரைடைப் பிடிப்பது, கந்தகத்தைப் பிடிப்பது, பிறகு நிக்கல். இதில் ஒன்றை இடம் மாற்றினாலும் பணம் விரயம்.

குளோரைடில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ரிஃபார்மரின் வினையூக்கியில் வேண்டுமென்றே சுமார் 1 சதவீதம் குளோரின் வைத்திருப்பார்கள், அதன் அமிலத்தன்மை வேலைக்குத் தேவை. தீவனத்தில் ஈரம் இருந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரஜன் குளோரைடாக உரிந்து, ரிஃபார்மர் தரும் ஹைட்ரஜனோடு கிளம்பிவிடும். அந்த ஹைட்ரஜன் போய்ச் சேரும் இடத்தில் அமோனியா இருந்தால் இரண்டும் சேர்ந்து நவச்சாரம் ஆகும், அதாவது அம்மோனியம் குளோரைடு. வெள்ளை உப்பாகக் கம்ப்ரசர் வால்விலும் வெப்பமாற்றிக் குழாயிலும் படியும்.

இதைத் தடுக்க அலுமினா உருண்டைகள் நிரப்பிய கலம் வைப்பார்கள். வெறும் அலுமினா குளோரைடை ஈர்த்துக்கொள்ளும், ஆனால் ஈர்த்தபின் அதன் மேற்பரப்பே அமிலமாகிவிடும். வாயுவில் உள்ள சிறு ஒலிஃபின்கள் (இரட்டைப் பிணைப்புள்ள ஹைட்ரோகார்பன்கள்) அதில் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டு பசைபோன்ற பச்சை எண்ணெயாகும், குளோரைடும் கரிம குளோரைடாக மாறித் தப்பிக்கும். சோடியம் ஏற்றிய அலுமினா குளோரைடைச் சாதாரண உப்பாகவே கட்டிப்போடுவதால் இந்தத் தொல்லை குறைவு. நிறம் மாறும் கண்ணாடிக் குழாயால் சோதிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அது ஹைட்ரஜன் குளோரைடை மட்டுமே காட்டும். கரிம குளோரைடு போய்க்கொண்டிருந்தாலும் 'ஒன்றுமில்லை' என்றுதான் சொல்லும்.

சிலிக்கான், பாதரசம்

சிலிக்கான் நிலத்தடியிலிருந்து வருவது அரிது. கனமான எச்ச எண்ணெயைச் சூட்டில் உடைக்கும் கோக்கர் என்ற பிரிவின் டிரம்மில் நுரை பொங்காமலிருக்க ஊற்றும் சிலிக்கோன் எண்ணெய் சூட்டில் உடைந்து, சிறு வளைய மூலக்கூறுகளாக நாஃப்தாவில் ஏறிக்கொள்கிறது. ஹைட்ரோட்ரீட்டரின் அலுமினாவில் அது மணல்போல ஒட்டிக்கொண்டால் எரித்தும் போகாது. பரப்பு மிகுந்த தனி வினையூக்கியை முதலில் வைத்துப் பிடிக்கலாம். அதைவிட மலிவு, நுரைமருந்தைத் தாராளமாக ஊற்றாமலிருப்பது.

பாதரசத்தைப் பிடிக்கக் கந்தகம் ஏற்றிய கரி பயன்படுகிறது. ரசமும் கந்தகமும் சேர்ந்தால் சாதிலிங்கம் என்பது சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. கலத்துக்குள் நடப்பதும் அதே சேர்க்கை, ரசக் கந்தகமாகப் பிடிபடுகிறது. வாயுவுக்கு இது சரி. திரவ எண்ணெயை ஓடவிட்டால் கந்தகமே கரைந்து போய்விடும், அங்கே செம்பு சல்ஃபைடு ஏற்றிய அலுமினாதான் பொருத்தம். பாதரசம் பல்லேடியம் வினையூக்கியைக் கெடுப்பதோடு நிற்பதில்லை, அலுமினிய வெப்பமாற்றிகளையும் விரிசல் விடச் செய்யும். 2004 ஜனவரி 1 அன்று தென் ஆஸ்திரேலியாவின் மூம்பா எரிவாயு ஆலையில் நடந்த வெடிப்புக்கு அதுவே காரணம்.

எங்கே தவறுகிறது

ஹைட்ரோட்ரீட்டரிலிருந்து வரும் நாஃப்தாவில் 0.5 பிபிஎம்-க்கு மேல் கந்தகம் என்று ஆய்வகம் சொன்னால் உடனே வினையூக்கி செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று.

முதலாவது, வெப்பமாற்றி. ரியாக்டருக்குள் போகும் அழுக்கு நாஃப்தாவும் வெளியே வரும் சுத்த நாஃப்தாவும் ஒரே வெப்பமாற்றியின் இரு பக்கங்களில் ஓடுகின்றன. உள்ளே போவதன் அழுத்தம்தான் அதிகம். ஒரு குழாயில் ஊசித்துளை விழுந்தாலும் அழுக்கு சுத்தத்தில் கலக்கும். தீவனத்தில் 500 பிபிஎம் இருந்தால், ஆயிரத்தில் ஒரு பங்கு கசிந்தாலே 0.5 பிபிஎம் வந்துவிடும்.

இரண்டாவது, அதிக சூடு. கந்தகம் குறையவில்லையே என்று ரியாக்டரை 340 டிகிரிக்கு மேல் ஏற்றினால், பிரிந்துபோன ஹைட்ரஜன் சல்ஃபைடு மிச்சமிருக்கும் ஒலிஃபின்களோடு மீண்டும் சேர்ந்து மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மமாகிவிடும். சூட்டை ஏற்ற ஏற்றக் கந்தகமும் கூடும். இப்படி ஒரு விசித்திரம் தெரிந்தால் சூட்டைக் குறைத்துப் பார்ப்பதுதான் சரி.

மூன்றாவது, ஸ்ட்ரிப்பர். அடியில் போதுமான கொதிப்பு இல்லாவிட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு நாஃப்தாவில் கரைந்தபடியே ரிஃபார்மருக்குப் போகும்.

கந்தகம் ரிஃபார்மரை எட்டிவிட்டால் அறிகுறிகள் சேர்ந்தே வரும்: ஆக்டேன் இறங்கும், ரியாக்டர்களினூடே திரும்பத் திரும்பச் சுழலும் வாயுவில் ஹைட்ரஜன் தூய்மை குறையும், ரியாக்டர்களில் வழக்கமாக விழும் வெப்பநிலைச் சரிவு சுருங்கும். ஆக்டேனைப் பிடித்து நிறுத்த உலையைக் கூடுதலாக எரிப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. இடங்கள் அடைபட்ட வினையூக்கியில் சூட்டை ஏற்றினால் கோக் வேகமாகப் படியும். தானாகவே எழுந்து போகக்கூடிய கந்தகத்துக்காக எரித்தே நீக்க வேண்டிய கோக்கை வாங்கிக்கொண்டது போலாகும். நுழைவு வெப்பநிலையைச் சுமார் 480 டிகிரிக்கு இறக்கி, கந்தகம் வரும் வழியை அடைத்து, சுழலும் வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு பழைய அளவுக்கு இறங்கும்வரை காத்திருந்துதான் மறுபடி ஏற்ற வேண்டும்.

கந்தகத்தை முழுச் சுழியத்துக்கே கொண்டுபோய்விட்டால் இன்னும் நல்லதல்லவா என்று கேட்கலாம். குறைந்த அழுத்தத்தில் ஓடும் இன்றைய ரிஃபார்மர்களில் உலைக்குழாயின் இரும்புச் சுவரே கோக்கை வளர்க்கத் தொடங்கும். மெல்லிய கந்தகப் படலம் ஒன்று சுவரில் இருந்தால் அது அடங்கும். அதனால் நாஃப்தா மிகச் சுத்தமாக வந்துவிட்டால், 0.2 முதல் 0.5 பிபிஎம்-க்குள் நிறுத்தக் கொஞ்சம் டைமெத்தில் டைசல்ஃபைடைத் துளித்துளியாகச் சேர்த்து அனுப்புகிறார்கள்.